மூன்றாம் ஓலை

சொர்ணத்தாய் அக்காளின் தோளைத் தொட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனாள். சங்கிலி ஜெபத்தில் அப்படித்தான், தொடுகிறவர் பேசக்கூடாது, தொடப்பட்டவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, ஒருவர் முழங்காலை எடுக்கிற இடத்தில் அடுத்தவர் முழங்காலை வைத்துவிட வேண்டும், காலையில் பிடித்த ஜெபம் இருட்டும் வரை எங்கேயும் அறுந்துபோகக் கூடாது, ஆளுக்கு ஒரு மணி நேரம், தனியாக, பீடத்துக்கு முன்னால், வாய்விட்டு. பாயில் அவள் முழங்கால் இருந்த இடம் சூடாக இருந்தது. பிறத்தியார் சூடு எனக்கு ஆகாது, பஸ்ஸில் ஒருவர் எழுந்த இருக்கையில் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் உட்காருவேன், என் மகள் எப்சி அதற்குச் சிரிப்பாள், ஆனால் இங்கே ஆறவிட நேரமில்லை. அவளுடைய செருப்பு வாசலில் தேய்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, பிறகு வெளிக்கதவு, பிறகு ஒன்றுமில்லை. மத்தியானக் கோயில் ராத்திரிக் கோயிலைவிட மோசம். ராத்திரி என்றால் பயப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது வெளியே வெயில் காய்கிறது, உள்ளே பெஞ்சுகள் எல்லாம் வரிசையாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, ஆள் இல்லாத பெஞ்சு ஆள் இருக்கிற பெஞ்சைவிட அதிகமாகப் பார்க்கும். என் காதுக்குள் ரைஸ்மில் ஓடுகிறது. அது எப்போதும் ஓடுகிறதுதான், வயசெல்லாம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவன், மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், காதுக்குள் மட்டும் அது இன்னும் அரைக்கிறது, அமைதியான இடத்துக்கு வந்தால் போதும், அந்த இரைச்சலுக்குள் யாரோ பேசுகிறதுபோல இருக்கும், என்ன பேசுகிறார்கள் என்று கூர்ந்து கேட்டால் பேச்சு நின்றுவிடும். வாசலில் உபதேசியார் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார், அருமைநாயகத்தை இப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்களாம், காலை எடுக்கிறார்களாம், இருதயம் பலவீனமாக இருப்பதால் ஆள் தாங்குவாரா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லையாம், மழைக்கும் பரீட்சைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்கள் ஜெபித்தாயிற்று, நீங்கள் இந்த ஒரு மணி நேரம் அவருக்காக மட்டும் ஜெபித்தால் போதும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அருமைநாயகமும் பேசிக்கொள்வதில்லை என்பது சபைக்கே தெரியும். அவன் எனக்குச் சித்தப்பா மகன். அவன் உயிரை ஒரு மணி நேரம் என் வாயில் கொடுத்துவிட்டு உபதேசியார் சாப்பிடப் போய்விட்டார்.

ஆரம்பித்தேன். எல்லாரும் ஆரம்பிக்கிறதுபோலத்தான், சர்வ வல்லமையுள்ள தேவனே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், காத்து வந்ததற்காக ஸ்தோத்திரம். அது தண்ணீர்போல வரும், மில்லில் சுவிட்சைப் போட்டால் தானாக ஓடுகிறதுபோல, நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டேகூட அரைமணி நேரம் ஓட்டிவிடுவேன், வீட்டு ஜெபங்களில் என்னை ஜெபிக்கச் சொல்வார்கள், ஞானமுத்து அண்ணாச்சி ஜெபித்தால் உருகும் என்பார்கள். வியாதிப் படுக்கையில் இருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும், மருத்துவர்களின் கைகளை நடத்தும், விசேஷமாக எங்கள் சகோதரன், எங்கள் சகோதரன், அங்கே நின்றுவிட்டது. பெயர் வரவில்லை. மறந்து போனதில்லை, நாக்கு நுனியில் இருக்கிறது, ஆனால் ஜெபத்துக்குள் வரமாட்டேன் என்கிறது, வண்டி மாடு ஒரு இடத்தில் எதையோ பார்த்து நின்றுவிடும், அடித்தாலும் நகராது, நமக்கு அங்கே ஒன்றும் தெரியாது, அதற்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். சர்வ வல்லமையுள்ள தேவனே, ஸ்தோத்திரம், எங்கள் சகோதரன். மூன்றாவது தடவை கண்ணை இறுக்கிக்கொண்டு அருமைநாயகம் என்று பலமாகச் சொல்லிவிட்டேன். நாயகம் என்று சுவர் திருப்பிச் சொன்னது. இந்தக் கோயில் சுவர் கடைசி வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்துத் தரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஆள் கூட்டம் இருக்கும்போது தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது, திரும்பி வந்தது என் குரல் இல்லை, அவன் குரல். எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்று. எங்கள் அப்பாக்கள் குரலும் ஒன்றாக இருந்ததாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வெளியே இருந்து அவன் கூப்பிட்டால் என் வீட்டுக்காரி சோறு போட்டு வைப்பாள், நான் என்று நினைத்து. அவன் பெயரை அவன் குரலிலேயே கேட்டால் எப்படி இருக்கும். இனிமேல் பெயரைச் சொல்லவேண்டாம், கர்த்தருக்கு ஆள் யார் என்று தெரியாதா, பொதுவாக ஜெபிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பெயரைச் சொன்ன வாய் அடுத்து எதைச் சொல்லும் என்று எனக்கே தெரியாமல் சும்மா திறந்திருந்தது, அந்தத் திறந்த வாய்க்குள் போன ஞாயிறுகள் எல்லாம் வந்து நின்றன, அதில் அந்த ஞாயிறு முன்னால் வந்து நின்றது.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஆராதனை நடுவில் குருவானவர் ஐயா எழுந்து, இன்ன ஊர் இன்னார் மகனுக்கும் இந்தச் சபை இன்னார் மகளுக்கும் விவாகம் என்று வாசிப்பார், முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை, ஒவ்வொரு தடவையும் இதற்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுக்கிற நேரம் நிறுத்துவார். அந்த நேரத்தில் சபையில் யாரும் இருமமாட்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையின் வாயில் விரலை வைப்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, எப்சிக்கு மூன்றாம் ஓலை. மாப்பிள்ளைக்கு அத்தை முறைக்காரி ஒருத்தி சும்மா எங்கள் ஊர் வழக்கத்தைப் பார்க்க வந்து பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஊதா நிறப் பட்டு, அவள் உட்கார்ந்திருந்த மாதிரி இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஐயா வாசித்து நிறுத்தினார். அந்த அமைதிக்குள் ஆண்கள் பக்கம் நடுவில் அருமைநாயகம் எழுந்து நின்றான். பெஞ்சு முனகியது. சபை முழுக்கத் திரும்பியது, எல்லாச் சேலையும் ஒரே சமயத்தில் திரும்புகிற சத்தம் ஒன்று இருக்கிறது, அதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்ன அருமைநாயகம், தடை சொல்லுகிறீரா என்று கேட்டார். அவன் ஒண்ணுமில்லய்யா என்றான். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், வாயைத் திறந்து மூடினான், பிறகு மெதுவாக உட்கார்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. கையைப் பிடித்தானா, காலைப் பிடித்தானா, ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னானா, எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் இல்லை என்று நிரூபிக்கலாம். ஒன்றுமில்லை என்று சொன்னவனை எப்படிப் பொய்யன் ஆக்குவது. ஒன்றுமில்லாமலா ஒருவன் எழுந்து நிற்பான், அதுவும் பெண்ணுக்குச் சொந்தச் சித்தப்பன் என்று அந்த ஊதாப் பட்டுக்காரி மாப்பிள்ளை வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். பையனுக்கு இப்போது விருப்பமில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்களும் எப்படியோ அதைக் கேள்விப்பட்டன, ஒரு இடத்தில் பெண்ணுக்கு வலிப்பு என்றார்கள், ஒரு இடத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள், அதை நான் கோயிலுக்குள் சொல்லமாட்டேன். எப்சி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். காதோரம் நரைத்துவிட்டது. மை போட்டுக்கொள்ளேன் என்றால் யாருக்குப்பா என்பாள், வருத்தமாகக்கூடச் சொல்லமாட்டாள், அது எனக்கு இன்னும் ஆகாது.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் வந்தான். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அண்ணே, கால் மரத்துப் போச்சு. உதறுததுக்குத்தான் எழும்புனேன். எழும்புனா நிக்கவும் முடியல, இருக்கவும் முடியல" என்றான். வருஷம் முழுக்க மரக்காத கால் என் மகள் ஓலைக்கா மரத்ததுவே என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். அதோடு பேச்சு முடிந்தது. நான் பாவங்களோடு போராடாதவன் இல்லை. சாராயத்தை விட்டேன், ஒரு ஜெபக்கூட்டத்தில் விட்டேன் என்று கை உயர்த்தியவன் மறுபடி தொடவில்லை. சுருட்டை விட்டேன். மில்லில் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், அதையும் ஒவ்வொன்றாக விட்டேன், ஒரு வார்த்தைக்கு ஒரு மாதம் ஆனது. அவையெல்லாம் எனக்குள் வாடகைக்கு இருந்தவை, சொல்லிச் சொல்லிக் காலி பண்ணவைத்தேன். இந்தப் பகை மட்டும் சொந்தவீட்டுக்காரன் மாதிரி உள்ளே இருக்கிறது, நான்தான் அதற்குள் குடியிருக்கிறேனோ என்று சில நேரம் தோன்றும். திருவிருந்துக்கு முன்னால் யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்று ஐயா சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வேன், அவன் பீடத்துக் கிராதித் தடுப்பில் இடது கடைசியில் முழங்காலிடுவான், நான் வலது கடைசி, ஒரே திராட்சரசப் பாத்திரம் அந்தக் கடைசியிலிருந்து வாய் வாயாக இந்தக் கடைசிக்கு வரும், நான் உதட்டை நனைத்தும் நனைக்காமலும் எடுப்பேன். அப்படி ஒரு திருவிருந்து ஞாயிறன்றுதான் அதைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் சாபம் போடமாட்டார்கள், அது அஞ்ஞானிகள் செய்வது என்பார்கள், நாங்கள் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுப்போம். எழும்பி நின்ற அந்தக் காலை நீர் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று ஒப்புக்கொடுத்தேன். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல ஜெபமாக இருக்கும். பிறகு வீட்டிலும் சொன்னேன், நடக்கும்போதும் சொன்னேன், சொல்லச் சொல்ல அது உருண்டையாகி, கல்லில் அரிசி விழுகிற தாளத்தில் ஓட ஆரம்பித்தது, அந்தக் காலை நீர் பார்த்துக்கொள்ளும், அந்தக் காலை நீர் பார்த்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன், பயந்துதான் நிறுத்தினேன், அது நிற்கவில்லை.

முதலில் சுண்டுவிரல். செருப்பு கடித்த புண் என்றார்கள், ஆறவில்லை, கருத்தது, எடுத்துவிட்டார்கள். சர்க்கரை என்றார்கள். ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் காலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை, அது எந்தக் கால் என்று பார்த்தேன், அன்றைக்கு அவன் எந்தக் காலை ஊன்றி எழுந்தான் என்று யோசித்தேன், நினைவு வரவில்லை, ஆனாலும் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மற்ற விரல்கள். பிறகு பாதத்தில் பாதி. ஒவ்வொரு தடவையும் ஆறுகிறது என்று சொல்வார்கள், ஆறும், பிறகு கொஞ்சம் மேலே ஆரம்பிக்கும். ஏணியில் ஏறுகிறதுபோல ஒன்று அவன் காலில் ஏறிக்கொண்டிருந்தது, அது யார் அனுப்பியது என்று எனக்கு மட்டும் தெரியும். மழைக்கு ஜெபித்தேன், வரவில்லை. என் வீட்டுக்காரி பிழைக்க ஜெபித்தேன், போய்விட்டாள். இதை மட்டும் ஏன் கேட்டீர். இல்லை, நீர்தான் கேட்டீரா, வேறு யாராவது கேட்டுவிட்டார்களா. ஜெபத்தைக் கர்த்தருக்கென்று அனுப்பினால் வழியில் வேறொன்று நின்று வாங்கிக்கொள்ளுமா, இதை யாரிடம் போய்க் கேட்பேன், ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இன்றைக்குக் காலையில் எப்சி அவன் பெண்டாட்டி கிரேஸோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பும்போது, அவள் அவர்கள் வீட்டுக்குப் போகிறதும் குழம்பு கொடுக்கிறதும் எப்போதுமே உண்டு, எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள், வாட்டர்பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள். "யப்பா, டாக்டர் சொன்னாங்க, சித்தப்பாக்கு இந்தச் சுகர் இருபது வருஷத்துக்கு மேலயே இருந்திருக்கும்னு. யாரும் கவனிக்கலயாம். மொத மொதல்ல கால்தான் மரத்துப் போகுமாம்." அதைச் சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள். என்னைப் பார்க்கவில்லை. அவருக்காக ஜெபிங்க என்று வாசலில் இருந்து சொன்னாள்.

அப்படியானால் அன்றைக்கு அவன் கால் மரத்துத்தான் போயிருக்கிறது. இதைக் காலையிலிருந்து நான் நினைக்காமல் இருக்கிறேன், ஒரு பக்கம் கண்ணைத் திருப்பினால் தெரிந்துவிடும் என்று திருப்பாமல் இருக்கிறதுபோல. நினைத்தால் எல்லாம் சரியாகிவிட வேண்டும், காரணம் போய்விட்டது, பகை போய்விட வேண்டும், கீழே இருந்த செங்கலை உருவினால் சுவர் விழவேண்டும் அல்லவா. உருவிப் பார்த்தேன். விழவில்லை. அந்தரத்தில் நிற்கிறது. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, அவன் சாவது இல்லை, இது எதன்மேல் நிற்கிறது என்பது. அப்போது தடி சத்தம் கேட்டது. டக் என்று ஒன்று, பிறகு இழுத்து வைக்கிற கால், பிறகு டக். கோயில் தரையில் ஊன்றுகோல் வைத்தால் வருகிற சத்தம், போன மாதமெல்லாம் ஞாயிறு தவறாமல் கேட்ட சத்தம். பெரிய வாசலிலிருந்து நடுவழியாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அடுத்த மணி நேரம் யாருடையது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது, இல்லை, ஞாபகம் இருந்தது, ஞாபகம் வராமல் வைத்திருந்தேன். உபதேசியார் சபையில் சங்கிலிக்கு ஆள் கேட்டபோது ஞானமுத்து அண்ணாச்சிக்கு அப்புறம் மூன்று மணிக்கு யார் என்றார், பின்னாலிருந்து அருமைநாயகம் கையைத் தூக்கினான், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், யாரோ, அப்ப தோளத் தொட்டுத்தான ஆகணும் என்றான். என்னைத் தொடுவதற்கென்றே அந்த மணி நேரத்தைக் கேட்டு வாங்கினான். டக். இழுப்பு. டக். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவும் மாட்டேன். தைல வாசனை வந்தது, அவன் காலுக்குப் போடுகிற தைலம், பிறகு அது என் முழங்காலிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது, காலையில் நானும் அதைத்தான் போட்டேன், ஆனால் தடி சத்தம் என்னிடமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு வாங்கியது, மாடி ஏறி வந்தவன் வாங்குகிறதுபோல. அங்கே கத்திக்குக் கீழே படுத்திருக்கிறவன் இங்கே எப்படி வந்து நிற்பான், ஒரே ஒரு வழியில்தான் வந்து நிற்கமுடியும், போய்விட்டான், போகிற வழியில் தன் மணி நேரத்துக்கு வந்திருக்கிறான். அப்படி நினைத்ததும் எனக்குள் ஒன்று எழுந்தது. பயம் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷம். சின்னச் சந்தோஷம் இல்லை, கல்யாணவீட்டு மேளம் தெருமுனையில் கேட்டால் பிள்ளைகளுக்கு வருகிறதுபோல, வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது, என் முகம் இருட்டில் யாரும் பார்க்காததுபோலத் தானாகச் சிரித்தது, பீடத்துக்கு முன்னால், சிலுவைக்கு நேராக. நான் அதை நிறுத்தப் பார்த்தேன், உதட்டைக் கையால் பிடித்தேன். கைக்கு அடியில் உதடு சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்போது ஒரு காரியம் விளங்கியது. பின்னால் நிற்கிறவனைப் பற்றி நான் இவ்வளவு பயப்படவேண்டாம், முன்னால் முழங்காலில் நிற்கிறவன்தான் மோசமானவன். இவனிடமா ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவன் வாயைத் திறந்து காப்பாற்றும் என்று சொன்னால் அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கும், அதை வாங்கிக்கொண்டு போகிறது எது, எங்கே போய்க் கொடுக்கும். சொல்லாமல் இருந்தால் சங்கிலி என் இடத்தில் அறுந்துபோகும். சொன்னால் அதைவிட மோசம். காதுக்குள் கல் ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் காலை நீர், அந்தக் காலை நீர், அதற்கு மேல் குரல் எழுப்பவேண்டி வந்தது, ஆராதனைப் பாஷையெல்லாம் விட்டுப்போய் மில்லில் கத்துகிறதுபோலக் கத்தினேன். "ஆண்டவரே, இன்னைக்கு நான் சொல்றதக் கேக்காதேயும். நான் என்ன சொன்னாலும் கேக்காதேயும். அவன் சாவணும்னு எனக்குள்ள இருக்கு. அது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. நீர் என் பேச்சக் கேக்காதேயும்." கேக்காதேயும் என்று சுவர் சொன்னது. அதன் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே ஜெபமா, ஜெபத்தை நிறுத்தியதா என்று தெரியவில்லை, நெற்றியைப் பாயில் வைத்துக்கொண்டு கிடந்தேன். பின்னால் நின்றது எவ்வளவு நேரம் நின்றது, எப்போது போனது என்று தெரியாது. போகிற சத்தம் கேட்கவில்லை. வருகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

தோளில் கை விழுந்தபோது கத்திவிட்டேன். உபதேசியார். விதியை மீறி முகத்தைப் பார்த்தேன், அவரும் பேசினார், இனி விதியில் என்ன இருக்கிறது. எப்சி போன் பண்ணினாளாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்களாம், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டரே வெளியே வந்து சொன்னாராம், முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்துத்தான் எடுத்தார்களாம், ஆள் முழிப்பாகவே இருந்தாராம். "ஒங்க ஜெபம் கேட்டிருச்சு அண்ணாச்சி" என்றார் உபதேசியார். ஸ்தோத்திரம் என்று சொன்னேன், நன்றாகச் சொன்னேன், குரல் தழுதழுத்தது, அவர் கண்கூடக் கலங்கியது. உள்ளே வேறொன்று நடந்தது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் விழுகிறதுபோல ஒரு ஏமாற்றம். என் ஜெபம் கேட்கப்பட்டதா கேட்கப்படவில்லையா என்று எனக்கே புரியவில்லை, எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை. அவர் இன்னும் போகாமல் நின்றார். ஒரு காரியம், எப்படிச் சொல்கிறது என்று தெரியவில்லை என்றார். எடுத்த காலைக் கிரேஸ் விடமாட்டேன் என்று கேட்டு வாங்கிவிட்டாளாம், உயிர்த்தெழுகிற நாளில் அவர் ஒரே இடத்திலிருந்து முழு ஆளாக எழும்பவேண்டும், கால் ஒரு இடத்தில் கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம், நம் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் குடும்ப இடத்தில் புதைக்கவேண்டுமாம், துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரி வேனில் அனுப்பியிருக்கிறார்கள், வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வாங்குவதற்குச் சொந்தத்தில் ஆண் என்று நீங்கள்தான். "ஐயாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆளுக்குத்தான் அடக்க ஆராதனை இருக்கு, காலுக்கு நம்ம புஸ்தகத்துல ஒண்ணும் இல்லயாம். மணியும் அடிக்கக் கூடாதாம். சும்மா மண்ணப் போட்டு மூடவா அண்ணாச்சி, இல்ல யாராவது ஏதாவது சொல்லணுமா?"

நான் சொல்கிறேன் என்றேன். என் வாய்தான் சொன்னது, நான் யோசிக்கவில்லை. அவர் குழி வெட்ட ஆள் பார்க்கப் போனார், அதுவரை இந்த மணி நேரத்தை யார் பிடிப்பது என்று வாசலில் நின்று கேட்டார், நானே இருக்கிறேன் என்றேன், அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது, அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மறுபடியும் முழங்காலிட்டேன், இந்தத் தடவை பாய் என் சூட்டில்தான் இருந்தது. அந்தக் கால் இப்போது ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது. ஆள் இல்லாமல் தனியாக, பெட்டிக்குள், பைபாஸ் தாண்டி, குளத்தங்கரை தாண்டி என்னிடம் வருகிறது. கையில் வாங்கவேண்டும். எவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியவில்லை, ஒரு கைப்பிள்ளை கனம் இருக்குமா. குழியருகில் நாலு பேர் நிற்பார்கள், ஞானமுத்து அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்பார்கள், உருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியும், தண்ணீர்போல வரும், அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நான் சொல்லவேண்டிய ஒன்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். வேண்டாம். இதற்குப் புஸ்தகத்தில் வார்த்தை இல்லை என்பது நல்லதாகப் போயிற்று. காதுக்குள் கல் ஓடியது. ஓடட்டும். இப்போதே ஒருதரம் சொல்லிப் பார்க்கவேண்டும், வேன் வந்த பிறகு நாக்கு நின்றுவிட்டால் என்ன செய்வேன். வாயைத் திறந்தேன், பெயரைச் சொன்னேன், பெயர் வந்தது, சுவர் அதை அவன் குரலில் திருப்பித் தந்தது, கேட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன்போலச் சொன்னேன். ஆண்டவரே, இது என் தம்பி அருமைநாயகத்தின் கால். என் மகளுக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்றைக்கு இது மரத்துப் போயிருந்தது.